இணைப்பு அறுந்தது, பணம் எங்கே?

மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எனக் குடும்பச் செலவுகள் பலவற்றையும் நம் வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் செலுத்தி வருகின்றனர். இரகசியக் குறியீட்டை இட்டு அனுப்பிய நொடியிலேயே வீட்டு இணைப்பு அறுந்துபோவதும் உண்டு. திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். பணம் சென்றதா, இல்லையா என்பது விளங்காது. அவ்வேளையில் முதலில் பணத்தின் நிலையை அறிந்து, அதன்பின் இணைப்பைச் சரிசெய்வதே முறை.

முதலில் பணம்

இணைப்பு அறுந்ததால் கட்டளையும் அறுந்துவிட்டது எனக் கருதலாகாது. கட்டளை வங்கியை வந்தடைந்து, பதில் மட்டும் உங்கள் கைபேசிக்குத் திரும்பாமல் இருக்கக்கூடும். ஆகவே உடனே இரண்டாம் முறை செலுத்த வேண்டாம். கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாகக் கணக்கு விவரத்தைப் பாருங்கள். வங்கியின் குறுஞ்செய்தியும் உதவும்.

பணம் கழிக்கப்பட்டும் உரியவருக்குச் சேரவில்லையெனில் அஞ்ச வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூ.பி.ஐ. வழியே தனிநபருக்கு அனுப்பி அவர் கணக்கில் சேராத தொகை, பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். வணிகருக்குச் செலுத்தி, அவருக்கு உறுதிச்செய்தி கிட்டாத தொகைக்கு 5 நாள் அவகாசம் உண்டு. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். பரிமாற்றக் குறிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது போதுமானது.

அடுத்து இணைப்பு

1. ஒரே கருவியில் மட்டும் இணையம் வரவில்லையா, அனைத்திலும் வரவில்லையா எனப் பாருங்கள். ஒன்றில் மட்டுமெனில் குறை அக்கருவியில் உள்ளது. அதில் வைஃபையை அணைத்து மீண்டும் இணையுங்கள். மற்ற தளங்கள் திறந்து, வங்கிச் செயலி மட்டும் திறக்கவில்லையெனில் குறை இணைப்பில் இல்லை. கைபேசியின் தேதியும் நேரமும் சரிதானா என நோக்கி, செயலியைப் புதுப்பித்து, சற்றுப் பொறுத்து முயலுங்கள்.

2. சந்தாக் காலம் முடிந்துவிட்டதா எனச் சரிபாருங்கள்.

3. மோடத்தின் மின்இணைப்பை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் தாருங்கள். விளக்குகள் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடியும் அணைக்க வேண்டாம்.

4. கண்ணாடி இழை இணைப்பாயின் 'லாஸ்' எனக் குறிக்கப்பட்ட விளக்கை நோக்குங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, மோடத்திற்கு ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தில் செருகியுள்ள மெல்லிய இழை மடங்கியோ நழுவியோ இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையெனில் கேபிள் வெளியில் எங்கோ அறுந்திருக்கலாம். அதனை நிறுவனப் பணியாளர்தான் சரிசெய்ய இயலும். கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசென்று பார்க்கலாகாது.

5. மோடத்தின் சிறு துளைக்குள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானைத் தொடாதீர்கள். அது மோடத்தில் பதிந்துள்ள பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகளை அழித்துவிடும். சிறு பழுது பெரிதாகிவிடும்.

எண்ணைத் தேடும்போது எச்சரிக்கை

இவ்வளவும் பயனளிக்காதபோது புகார் செய்வது ஒன்றே வழி. பண இழப்பு பெரும்பாலும் நேரக்கூடிய இடமும் இதுவே. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடினால், மோசடியாளர்கள் பதிந்துவைத்த எண்ணும் அங்கே தோன்றக்கூடும். எதிர்முனையில் பேசுபவர் கனிவாகப் பேசுவார். "புகாரைப் பதிய 10 ரூபாய் மட்டும் செலுத்துங்கள்" என்பார். அல்லது திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். அதனை நிறுவியபின் உங்கள் திரையில் தோன்றும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அவரும் காண்பார்.

இணையப் பழுதைச் சரிசெய்ய உங்கள் வங்கி விவரம் எவருக்கும் தேவையில்லை. பணத்தைத் திரும்பப் பெறவும் யூ.பி.ஐ. இரகசியக் குறியீடு தேவையில்லை. அது பணத்தைச் செலுத்துவதற்கு உரியது. ஆகவே இணைய நிறுவனத்தின் எண்ணை அதன் பில்லிலிருந்தோ அதிகாரபூர்வச் செயலியிலிருந்தோ எடுங்கள். வங்கியின் எண்ணை டெபிட் அட்டையின் பின்புறம் காணலாம்.

ஏமாற்றப்பட்டதாக ஐயுற்றால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளரே கடவுச்சொல்லைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. ஆகவே தயங்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலையுண்டு.

இணையம் இல்லாமலும் வழியுண்டு

அவசரமாகச் செலுத்த வேண்டியிருப்பின், மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். பொது இடங்களின் இலவச வைஃபையைத் தவிர்த்திடுங்கள். டேட்டாவும் இல்லையெனில், கணக்குடன் இணைத்த கைபேசி எண்ணிலிருந்து *99# என அழைத்து, யூ.பி.ஐ. வழியே ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். சாதாரணக் கைபேசியிலும் இது இயங்கும். முதன்முறை பதிவு செய்யச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே செய்துவைப்பது நலம்.

இணைய நிறுவனத்தில் உங்கள் வாடிக்கையாளர் எண், அந்நிறுவனத்தின் புகார் எண், வங்கியின் உதவி எண், 1930 ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி மோடத்தின் அருகே ஒட்டிவையுங்கள். வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கும் அத்தாளைக் காட்டி, வேறெங்கும் எண்ணைத் தேட வேண்டாம் எனச் சொல்லிவையுங்கள்.