அனல்மின் நிலையத்துக்கு வைக்கோல்... விற்கும் முன் ஒரு கணக்கு!

நெல் அறுத்த கையோடு கோதுமை விதைத்தாக வேண்டிய அவசரத்தில், பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் பலர் தாளுக்கு வயலிலேயே தீ வைக்கிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போய் மூச்சுத் திணறவைக்கிறது. வீணாக எரிவதை நிலக்கரியோடு கலந்து எரித்து, மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை வலுப்பெற்றது இதனால்தான்.

உத்தரப்பிரதேசத்தின் தாத்ரி அனல்மின் நிலையத்தில் 2017-ல் என்.டி.பி.சி நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் இதைக் கட்டாயமாக்கியது. 2023-ல் திருத்திய விதிப்படி, 2024-25 நிதியாண்டில் எடையில் 5 சதவிகிதம் பயிர்க்கழிவு கலக்க வேண்டியிருந்தது.

அப்படியே போட முடியாது

நிலக்கரியை மாவாக அரைக்கும் ஆலையில் வைக்கோல் நார் நாராகச் சிக்கிக்கொள்ளும். அதனால் காயவைத்து, தூளாக்கி, அழுத்தி, விரல் பருமனில் 'பெல்லட்' துண்டுகளாக்குகிறார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் சாம்பலை இளகவைத்துக் கொதிகலன் குழாய்களில் ஒட்டவைக்கும், குழாயையும் அரிக்கும். கலப்பு அளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 5 சதவிகிதமே பெரிய அளவுதான். மேட்டூரில் இருப்பது போன்ற 210 மெகாவாட் அலகு முழுத்திறனில் ஓடினால், நாளொன்றுக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தேவை. அதில் 5 சதவிகிதம் 150 டன். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால், தினமும் 75 ஏக்கர் வைக்கோல் வேண்டும்.

வைக்கோலோடு போகும் பொட்டாஷ்

ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 15 முதல் 20 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. ஒரு ஏக்கர் வைக்கோலை விற்றால், 50 கிலோ மூட்டை பொட்டாஷ் உரத்தில் இருப்பதைவிட அதிகமான சத்து வண்டியேறிப் போகிறது. வயலில் எரித்தால் தழைச்சத்து காற்றோடு போனாலும், பொட்டாசியத்தில் பெரும்பகுதி சாம்பலாக மண்ணிலேயே தங்கும். மாட்டுக்குப் போட்டால் சாணமாக, மூத்திரமாகத் திரும்பி வரும். எனவே, விற்கும் விலையில் உர மூட்டையின் விலையைக் கழித்த பிறகு மிஞ்சுவதே லாபம். மாடு வைத்திருப்பவர்கள், கோடையில் தீவனம் வாங்கும் விலையையும் கழிக்க வேண்டும்.

எதை விற்கலாம்?

பருத்தி மார், துவரை மார், மில்லில் குவியும் கடலைத்தொலி, சீமைக்கருவேலம் ஆகியவை பெல்லட்டுக்கு ஏற்றவை. காய்ந்த பருத்தி மாரை மாடு தின்னாது, சீக்கிரம் மட்காது. அறுவடைக்குப் பிறகும் வயலில் நின்றால், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அடைக்கலமாகும். அதைப் பிடுங்கி விற்பது இரட்டை நன்மை. மழையில் நனைந்து, மாடு தொடாத வைக்கோலை மட்கவைத்து வயலுக்கே கொடுப்பது நல்லது. ஈரச் சரக்கை பெல்லட் ஆலைகள் விரும்புவதில்லை.

விலை பேசும்போது...

* கட்டுக் கூலி, ஏற்றுக் கூலி, லாரி வாடகை யார் பொறுப்பு? வைக்கோல் எடை குறைவு, இடம் அடைக்கும். தூரம் கூடினால் வாடகையே விலையைத் தின்றுவிடும்.
* ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள்? எங்கே எடை போடுவார்கள்?
* பணம் எத்தனை நாளில் வரும்?

தனி ஆளாக இரண்டு ஏக்கர் சரக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் ஊர்ச் சரக்கை ஒன்றாகச் சேர்த்து, எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்ட பிறகே லாரியில் ஏற்ற வேண்டும்.