சாலை மேல் மிதக்கும் துண்டு

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள். திருச்செங்கோட்டில் நாடு முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் சரக்கு லாரிகள். இந்த வட்டாரத்தில் பிழைப்பு பெரும்பாலும் சக்கரத்தில் ஓடுகிறது. விபத்து என்றால் விசாரிக்கும் முன்பே பெரிய வண்டி மீது பழி விழுவது வழக்கம் என்பதால், முன்கண்ணாடியில் டேஷ்கேம் மாட்டும் ஓனர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த கேமராக்களில் பல, தேவைப்படும் நேரத்தில் உதவாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன.

முதலில் கார். உச்சி வெயிலில் அதில் எடுத்த பதிவு ஒன்றை நிறுத்திப் பாருங்கள். தார்ச்சாலைக்கு மேல் வெள்ளைத் துண்டு ஒன்று மிதக்கும். கரை நீலமா பச்சையா என்று கூடச் சொல்லிவிடலாம். பக்கத்தில் சுங்கச்சாவடி ரசீது, சாமி படத்தின் சட்டம். முன்னால் போகும் பஸ்ஸின் நம்பர் பிளேட் மட்டும் படிக்க முடியாது.

எல்லாம் டேஷ்போர்டில் கிடப்பவற்றின் பிம்பங்கள். காரணம் எளிய இயற்பியல். கண்ணாடியை நேருக்கு நேர் சந்திக்கும் ஒளியில், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். உள்பக்கம், வெளிப்பக்கம் என இரண்டு பரப்புகள் சேர்ந்து 8 சதவீதம். ஒளி சரிந்து விழ விழ இது ஏறும். இன்றைய கார்களின் முன்கண்ணாடி மிகவும் படுத்திருக்கிறது. தரைமட்டத்திலிருந்து 30 டிகிரிதான் எழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், திரும்பும் ஒளி சுமார் 15 சதவீதம்.

இனி ஒரு கணக்கு. வெள்ளைத் துணி தன் மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தேய்ந்த தார்ச்சாலை 10 சதவீதம்தான் அனுப்பும். 80-ல் 15 சதவீதம் என்றால் 12. துண்டின் மேல் விழும் வெயிலும் சரி, வெளியே தெரியும் சாலையும் சரி, கண்ணாடியைக் கடக்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு மங்குவதால் கணக்கு பெரிதாக மாறாது. ஆக, கண்ணாடியில் விழும் துண்டின் பிம்பம் சாலை அளவுக்கே பிரகாசமாக இருக்கிறது. அதே இடத்தில் பளபளப்பில்லாத கறுப்புத் துணி இருந்தால் 5-ல் 15 சதவீதம், ஒன்றுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமராவை ஒரு முழம் கறுப்பு வெல்வெட் காப்பாற்றிவிடும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

அதே கண்ணாடி வழியாகத்தானே டிரைவரும் பார்க்கிறார், அவருக்கு ஏன் துண்டு தெரிவதில்லை? அவருக்கு இரண்டு கண்கள். தொலைவில் இருக்கும் சாலையில் பார்வையைக் குவிக்கும்போது, அருகில் உள்ள பிம்பம் கலங்கி இரண்டாகப் பிரிந்துவிடும். மூளை அதை ஒதுக்கிவிடும். டேஷ்கேமின் லென்ஸ் ஒன்றுதான், அதுவும் மிகச் சிறியது. சிறிய லென்ஸுக்கு ஒரு மீட்டரில் இருப்பதும் ஒரு கிலோமீட்டரில் இருப்பதும் ஒரே கூர்மையில் பதியும். அதனால், "எனக்கு எல்லாம் தெளிவாத்தானே தெரியுது" என்று டிரைவர் சொல்வதை வைத்து கேமரா நன்றாகப் பதிகிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்தத் தொல்லைக்குக் கடைக்காரர்கள் சொல்லும் மருந்து, சி.பி.எல். எனப்படும் தளவிளைவு வடிகட்டி. லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் ஒரு வளையம். இதன் பின்னால் இருக்கும் அறிவியல் அழகானது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடியிலோ தண்ணீரிலோ பட்டுத் திரும்பும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிரும் (தளவிளைவு என்பது இதுதான்) என்று 1815-ல் டேவிட் புரூஸ்டர் கண்டறிந்தார். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், கண்ணாடிக்கு அந்தக் கோணம் சுமார் 56 டிகிரி. அந்தத் தளத்தை மட்டும் மறிக்கும் பொருளை நடுவில் வைத்தால் பிரதிபலிப்பு அணைந்துபோகும். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய நம் சி.வி.ராமன் இதைத்தான் கையாண்டார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று லார்டு ராலே சொல்லியிருந்தார். ராமன், அப்படி மறிக்கும் நிகோல் பட்டகத்தின் வழியாக, சரியான கோணத்தில் அலைகளைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு அணைந்தது, நீலம் அணையவில்லை. கடலுக்குத் தன் சொந்த நீலம் உண்டு என்று தெரிந்தது. ஒளிச்சிதறலைத் துருவி ஆராயத் தூண்டி, 1928-ல் ராமன் விளைவுக்கு இட்டுச்சென்ற பயணம் அது.

காரில் இந்த வித்தை பலிக்கும். 30 டிகிரிக்குச் சாய்ந்த கண்ணாடியில், நேராக முன்னால் பார்க்கும் கேமராவின் பார்வைக்கோடு 60 டிகிரி கோணத்தில் படுகிறது. புரூஸ்டர் கோணத்துக்கு மிக அருகில். அங்கே பட்டு அது கீழே மடங்கி டேஷ்போர்டைத் தொடுகிறது. அதனால்தான் காரில் டேஷ்போர்டின் பிம்பம் சாலை மேல் விழுகிறது; அதனால்தான் வளையத்தைத் திருகினால் மறைகிறது.

லாரிக்கு வருவோம். பட்டறையில் கட்டிய கேபினிலும் சரி, கம்பெனி கேபினிலும் சரி, கண்ணாடி கிட்டத்தட்டச் செங்குத்து. 80 டிகிரி என்று கொண்டால், கேமராவின் பார்வைக்கோடு வெறும் 10 டிகிரி கோணத்தில் படும். அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி தளவிளைவு அடைவதே இல்லை எனலாம். வளையத்தை எவ்வளவு திருகினாலும் பிம்பம் அசையாது. திரும்பும் பார்வை டேஷ்போர்டுக்கும் போகாது. பின்னால் கேபினுக்குள் வரும். டிரைவரின் வெள்ளைச் சட்டை, பின்பக்கப் படுக்கை, கூரை விளக்கு, சாமி படத்தைச் சுற்றி மின்னும் சீரியல் பல்புகள் எல்லாம் சாலையின் நடுவே தோன்றும். போதாக்குறைக்கு, சி.பி.எல். பாதிக்கு மேல் ஒளியைக் குடித்துவிடும். இரவெல்லாம் ஓடும் லாரிக்கு அது நஷ்டக் கணக்கு. காருக்கு எழுதிய மருந்துச் சீட்டை லாரிக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

வாங்கும் முன் சோதிக்க எளிய வழி இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். டேஷ்கேம் இருக்கும் இடத்திலிருந்து அதன் வழியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கூலிங் கிளாஸை மெல்லத் திருப்புங்கள். பிம்பம் மங்கித் தெளிந்தால் சி.பி.எல். பலிக்கும். அப்படியே நின்றால் அந்தக் காசு மிச்சம்.

லாரியில் பலிப்பது வேறு. லென்ஸ் கண்ணாடியை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். விரல் அகல இடைவெளி இருந்தாலும் பிம்பம் அதில் நுழையும். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் அல்லது ஸ்பாஞ்சு வளையம் ஒட்டி அந்த இடைவெளியை அடைத்துவிட்டால், கேபினிலிருந்து வரும் ஒளிக்கு வழியே இல்லை. டேஷ்கேமின் திரையை அணைத்துவிடலாம். கேபின் அலங்கார விளக்குகள், இருட்டுச் சாலையோடு போட்டியிட்டு எப்போதும் ஜெயிக்கும். ஓடும்போது அவை எரியாமல் இருப்பதே நல்லது.

மாட்டும் உயரத்திலும் காரும் லாரியும் ஒன்றல்ல. காரில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் மேல்பக்கம் நல்ல இடம். டிரைவரின் பார்வையை மறைக்காது, வைப்பரும் அங்கே துடைக்கும். லாரியின் உயரமான கண்ணாடியில் வைப்பர் எட்டாத பகுதி மேலே நிறைய மிஞ்சும். அங்கேதான் ஸ்டிக்கர், தொங்கும் மாலை, ஒரு வாரத்துப் புழுதி எல்லாம். ஐப்பசி மழையில் அந்த இடத்துக் கேமரா வெறும் நீர்த்தாரையைத்தான் பதியும். எனவே வைப்பர் துடைக்கும் எல்லைக்குள், டிரைவரின் பார்வைக்கு இடைஞ்சல் இல்லாமல் இடதுபக்கமாக மாட்டி, லென்ஸைச் சற்றே தாழ்த்த வேண்டும். பம்பருக்கு முன்னால் டிரைவர் கண்ணுக்கு மறைவாக வந்து நிற்கும் டூவீலர்களில் சிலவாவது அப்போது பதிவாகும்.

நேராக முகத்தில் அடிக்கும் சூரியனுக்கு மட்டும் முழு மருந்து இல்லை. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கோவை போகும் சாலை தென்மேற்காக ஓடுகிறது. மாலையில் வெயில் எதிரே. உளுந்தூர்பேட்டைச் சாலையில் காலையில் எதிரே. அப்போது படத்தை வெளுக்கவைப்பது பிரதிபலிப்பு மட்டுமல்ல, கண்ணாடியின் உள்பக்கம் படிந்த எண்ணெய்ப்பசையும் விபூதித் தூளும்தான். வெளியே வைப்பர் துடைக்கும், உள்ளே யாரும் துடைப்பதில்லை. வெயிலைக் குறைக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம். முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

பதிவு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். டேஷ்கேமின் தேதியும் மணியும் தப்பாக ஓடிக்கொண்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபினுக்குள் பளபளக்கும் ரெக்சினும் வார்னிஷ் பலகையும் அடிப்பது உங்கள் கைவேலையின் பெருமை என்பது தெரியும். கண்ணாடிக்கு எதிரே வரும் பகுதிகளை மட்டும் பளபளப்பில்லாத கறுப்பில் முடித்துக் கொடுங்கள். டிரைவர் அண்ணன்களே, லோடு ஏற்றிக் கிளம்பும் முன் ஒரு நிமிடப் பதிவைப் போட்டுப் பாருங்கள். முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியாவிட்டால், கேமராவைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.