டிரிட்டிகேல்

டிரிட்டிகேல் என்பது கோதுமையையும் ரை தானியத்தையும் கலப்பினம் செய்து மனிதர் உருவாக்கிய புல்வகைத் தானியப் பயிர். கோதுமையின் அறிவியல் பெயரான டிரிட்டிக்கம், ரையின் பெயரான சீகேல் ஆகிய இரண்டும் இணைந்து இப்பெயர் அமைந்தது. கோதுமையின் விளைச்சலையும் ரையின் தாங்குதிறனையும் ஒரே செடியில் பெறுவதே இதன் நோக்கம். குளிர்காலப் பயிராகத் தானியத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் பயிரிடப்படுகிறது.

வரலாறு

1875இல் ஸ்காட்லாந்தில் ஸ்டீபன் வில்சன் உருவாக்கிய கலப்புச் செடிகள் மலடாக இருந்தன. 1888இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரிம்பாவ் விதை பிடிக்கும் செடியைப் பெற்றார். 1937இல் கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் நிறப்புரிகளை இரட்டிப்பாக்குவது அறியப்பட்ட பின், மலட்டுத்தன்மையை நீக்குவது எளிதாயிற்று. இன்று பெரும்பாலும் பயிராகும் வகைகளில் 42 நிறப்புரிகள் உள்ளன. இவற்றில் 28 கோதுமை வழியாகவும் 14 ரை வழியாகவும் வந்தவை.

சாகுபடி

உலகிலேயே மிகுதியாக டிரிட்டிகேல் விளையும் நாடு போலந்து. அங்கு அமிலத்தன்மை கொண்ட மணற்பாங்கான நிலங்கள் பரவலாக உள்ளன. கோதுமை நன்கு வராத இத்தகைய நிலங்களிலும் டிரிட்டிகேல் நல்ல விளைச்சல் தருகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கப்படும் பயிர் குளிருக்கு முன்பே தூர்விட்டு, பனிக்காலத்தைக் கடந்து, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. குளிர்கால வகைகள் சில வாரங்கள் குளிரில் இருந்தால்தான் கதிர்விடும். எனவே அவற்றை வசந்தத்தில் விதைத்தால் இலை மட்டுமே வளரும். வசந்தகால வகைகளுக்கு இந்தத் தேவை இல்லை.

தீவனம்

அறுக்கும் பருவமே தீவனத்தின் தரத்தை முடிவு செய்கிறது. தொண்டைக்கதிர் பருவத்தில் அறுத்தால் புரதம் மிகுந்த, எளிதில் செரிக்கும் தீவனம் கிடைக்கும். ஆனால் அளவு குறைவு. மணி மாவுப் பதத்தை அடையும்வரை காத்திருந்தால் அளவு கூடும், புரதம் குறையும். இப்பருவப் பயிர் ஊறுகாய்ப்புல் தயாரிக்க ஏற்றது. மீசையுள்ள வகைகளைக் கதிர்விட்ட பின் உலர்தீவனமாக்கினால், மீசை கால்நடைகளின் வாயைப் புண்ணாக்கலாம்.

தானியம்

டிரிட்டிகேலில் லைசின் என்னும் அமினோ அமிலம் கோதுமையைவிடப் பொதுவாக மிகுதி. இதனால் பன்றிக்கும் கோழிக்கும் நல்ல தீவனமாகிறது. ஆனால் இதன் பசையப் புரதம் வலுவற்றது. தனி மாவில் செய்யும் ரொட்டி நன்கு உப்புவதில்லை. கோதுமை மாவுடன் கலந்தே பெரும்பாலும் ரொட்டி செய்யப்படுகிறது. முற்றிய கதிர் மழையில் நனைந்தால் செடியிலேயே முளைக்கும் குறையும் உண்டு. மக்களின் உணவுக்காக எதிர்பார்க்கப்பட்ட இத்தானியத்தின் பெரும்பகுதி தீவனமாவதற்கு இவையும் காரணங்கள்.

நோய்கள்

துரு நோய், சாம்பல் நோய் ஆகியவை இதனைத் தாக்குகின்றன. எர்காட் பூஞ்சை கூடுதல் கவனத்துக்குரியது. இது பூக்கும் காலத்தில் தொற்றி, மணிக்குப் பதிலாகக் கருஊதா நிறக் கட்டிகளை உருவாக்குகிறது. இக்கட்டிகள் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் நஞ்சு. ஆகவே தூய விதை, பயிர்ச் சுழற்சி, அறுவடைக்குப் பின் தானியத்தைச் சலித்துத் தரம்பிரித்தல் ஆகியவை இன்றியமையாதவை.