தும்பைப் பூவும் பாம்புக்கடியும்

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள தரிசு நிலங்களிலும் வரப்போரங்களிலும் தும்பை முளைத்துவிடும். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, இம்மண்ணுக்கே உரிய சிறு செடி இது. முளைத்து, பூத்து, விதை உதிர்த்து ஓராண்டுக்குள் மடிந்துவிடும். அதன் வெண்ணிறப் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சாத சிறுவர்கள் எங்கள் காலத்தில் குறைவு.

வளர்ப்பதும் எளிது. காய்ந்த பூங்கொத்தை உள்ளங்கையில் தேய்த்தால் சிறிய பழுப்பு நிற விதைகள் உதிரும். மழைக்காலத் தொடக்கத்தில் மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவுங்கள். நேர் வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. விதை முற்றும் முன் செடியைப் பிடுங்கிவிட்டால் மறு ஆண்டு தும்பை இராது. நீண்ட சிகிச்சையில் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு, அதை நாடி வரும் தேனீக்களைப் பார்த்திருப்பது நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் வேறு. பாம்பு கடித்தவரின் வாயிலும் மூக்கிலும் தும்பைச் சாற்றைப் பிழிந்துவிட்டு, அதன் பிறகே மருத்துவமனைக்கு அழைத்து வருவோர் இன்றும் உண்டு. பாட்டி சொன்னதைச் செய்தவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. எனினும் நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு விழுங்கும் தசைகளைத் தளர்த்திவிடும். அந்நிலையில் ஊற்றும் சாறு மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும். உடலில் ஏறிய நஞ்சைத் தும்பை முறிக்காது. நஞ்சுமுறி மருந்தே முறிக்கும்.

அம்மருந்தின் தொடக்கமும் நம் பகுதியில்தான் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அளிக்கின்றனர். அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மூலிகைகளை நன்கறிந்த மக்கள் அவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுந்தாலோ, இமைகள் சரிந்தாலோ காத்திராதீர்கள். ஏற்கெனவே ஏதேனும் சாறு கொடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.