பார வண்டிகளில் கூலியாட்களை ஏற்றுவதனால் விளையும் அபாயம்

மோட்டார் விபத்து என்றால் இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று மோதுவதே என்று எண்ணுவது பொது வழக்கம். ஆயினும், எதிரே வண்டியேதும் வராமலும், மரத்திலோ சுவரிலோ இடியாமலும் வண்டியிலிருந்தோர் மாண்டுபோவதும் அங்கஹீனமடைவதும் உண்டு. வண்டி குடைசாய்தல், ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுதல், திடீரென்று பிரேக் போடுங்கால் தூக்கியெறியப்படுதல், ஏற்றிய மூட்டைகள் சரிந்து ஆட்களை நசுக்குதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வயல் வேலைக்குப் பார வண்டிகளில் செல்லும் ஆண்களும் பெண்களும் இவ்வபாயத்திற்குப் பெரிதும் ஆளாகின்றனர். ஆதலின் இது நிலச்சுவான்தார்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் ரஸ்தாவிலுள்ள முத்தையாபுரத்தைச் சுற்றிலும் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. வெயில் ஏறுமுன் வேலை தொடங்கவேண்டியிருப்பதால் உப்பளத் தொழிலாளர்கள் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் பாயும் வாழைத்தோட்டங்களுக்கும், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளுக்கும் இவ்வாறே ஆட்கள் செல்கின்றனர். கரிசலில் வடகிழக்குப் பருவ மழைக்குப்பின் உளுந்து, பாசி, மக்காச்சோளம் ஆகியவற்றிற்குக் களையெடுப்பு ஒரே சமயத்தில் வந்துவிடுகிறது. அப்போது ஆள் கிடைப்பது அரிது. வெளியூரிலிருந்து அழைத்துவர நேர்கையில், எளிதிற் கிடைக்கும் பார வண்டியையே அமர்த்திவிடுகின்றனர்.

இதன் விளைவு யாதென்பதை இந்த ஜில்லா கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், திருநெல்வேலி ஜில்லாக் கிராமங்களிலிருந்து வயல் வேலைக்கு ஆட்களை ஏற்றிவந்த பார வண்டியொன்று மணியாச்சிக்கருகில் கவிழ்ந்தது. ஐந்து பெண்கள் உயிரிழந்தனர்; பலர் காயமடைந்தனர்.

வண்டி கவிழ்வதேன்?

‘குட்டி யானை’ என்று மக்கள் வழங்கும் சிறு வண்டி 2005ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தபோது ஏறத்தாழ 750 கிலோ பாரம் ஏற்றுவதற்கென்று அமைக்கப்பட்டது. ஆளொன்றுக்கு 50 கிலோ வீதம் 25 பேர் ஏறினால் 1,250 கிலோ ஆகிறது. எடை மட்டுமன்று, எடை நிற்கும் உயரமும் முக்கியம். மூட்டையின் பாரம் தட்டை ஒட்டிக் கிடக்கும். நிற்கும் மனிதனின் பாரமோ தட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அன்றியும், மூட்டையைக் கயிற்றால் கட்டலாம். மனிதர்களோ வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வர். வளைவில் வேகம் இருமடங்கானால் வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தேய்ந்த டயர், குறுகிய பாலம், கரை அரிந்த ரஸ்தா ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் போதும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. அதிலிருந்து விழுபவர் அதே வேகத்துடன் தரையில் மோதுகிறார். முழங்காலளவே உள்ள பக்கப்பலகை அவரைத் தடுக்காது. தலை, கழுத்து, முதுகெலும்பு, தொடையெலும்பு ஆகியவற்றிற்கே பெருங்காயம் நேர்கிறது. டிராக்டரின் மட்கார்டின் மேல் அமர்வதும், டிரெய்லரில் வைக்கோல்மேல் ஏறிச்செல்வதும் இதனினும் குறைந்த அபாயமுடையன அல்ல.

சட்ட நிலை

பார வண்டி சரக்கிற்கென்றே ஏற்பட்டது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதி அதில் சென்றால் கட்டாய இன்ஷூரன்ஸின் பாதுகாப்பு உண்டு. ஏனைய பயணிகளுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாளியாகாது என்று 2002ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனவே, நஷ்டஈட்டின் சுமை வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். அவரிடம் பொருள் இல்லையேல், இறந்தவர் குடும்பம் தீர்ப்புக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடும்.

செய்யத்தக்கவை

1. ஆட்களை அழைத்துவரப் பயணிகளுக்கென்று பதிவான வேன் அல்லது பஸ்ஸையே அமர்த்துக. அடுத்தடுத்த நிலக்காரர் நால்வர் கூடிச் செலவைப் பகிர்ந்தால் தலைக்கு ஆகும் தொகை குறையும்.

2. விதைப்பைச் சில நாட்கள் முன்பின்னாக அமைத்தால் களையெடுப்பும் ஒரே நாளில் குவியாது. உள்ளூர் ஆட்களே பெரும்பாலும் போதுமாவர்.

3. வேலை தொடங்கும் நேரத்தைக் கண்டிப்பாக்கி, டிரைவரை விரைந்தோடச் செய்யவேண்டாம். கால்மணித் தாமதம் பயிருக்குக் கேடன்று.

4. நெல், வாழைத்தார், உப்பு மூட்டை முதலியவை ஏற்றிய வண்டியின்மேல் எவரையும் அமரவிடலாகாது. சுமை ஏற்றியிறக்குவோர் வேறு வண்டியில் வருக.

5. கிராம நிர்வாக அலுவலர்கள் களையெடுப்பு, அறுவடைப் பருவங்களின் தொடக்கத்திலேயே வண்டிக்காரர்களையும் ஆள் அழைத்துவரும் மேஸ்திரிகளையும் கூட்டி இவற்றை எடுத்துரைத்தல் நலம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியாட்களும் சேரலாமாதலின், தகுதியுள்ளோர் பெயர் விடுபடாமல் பதிவாகச் செய்க.

விபத்து நேர்ந்தால்

உடனே 108க்குத் தெரிவிக்கவேண்டும். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கைகால்களைப் பிடித்து இழுத்தலும், தூக்கி உட்காரவைத்தலும் கூடா. அதனால் முதுகுத்தண்டு நரம்பு அறுந்து வாழ்நாள் முழுதும் கால் விளங்காமற் போகலாம். இரத்தம் பெருகுமிடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துக. நினைவற்றவருக்குத் தண்ணீர் புகட்டலாகாது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைபெற்று வருகிறது. உதவி செய்பவருக்குத் தொந்தரவு நேராதபடி 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பாதுகாப்பளிப்பதால், எவரும் அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை.

உழவு மாட்டைச் சந்தையிலிருந்து வண்டியில் ஏற்றிவரும் குடியானவர் அதன் கால் வழுக்காதிருக்க வைக்கோல் பரப்பி, கயிறிட்டுக் கட்டி, மெதுவாக ஓட்டச் சொல்லுகிறார். தம் பயிரைக் காக்க வரும் மனிதருக்கு அதனிற் குறைந்த கவனம் காட்டுதல் முறையாகாது. ஆளைக் கூப்பிட்ட நிலக்காரரின் பொறுப்பு வரப்பில் தொடங்குவதன்று. அவர்கள் வண்டியேறும் இடத்திலேயே தொடங்குகிறது என்பதை ஒவ்வொருவரும் மனத்திற் கொள்வாராக.