மன அழுத்தமும் இதயமும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் பற்றிப் பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்கு அது தேர்வுக்குரிய பாடம். ஆசிரியர்களாகிய நமக்கு உயிர் காக்கும் பாடம்.

ஆபத்து நேரும்போது பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இரத்தம் எளிதில் உறையும் நிலையை அடைகிறது. எதிர்த்து நிற்க அல்லது தப்பி ஓட உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை அமைதிப்படுத்துகின்றன.

தேர்ச்சி விழுக்காடு, இணையப் பதிவுகள், வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என நம் கவலைகளோ ஓய்வதில்லை. அதனால் உடல் அமைதி நிலைக்குத் திரும்ப நேரம் கிடைப்பதில்லை. தூக்கம் கெடுகிறது. நாளடைவில் இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதாகி, அங்கே கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு வெடித்து, இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு. இந்தியா உள்பட 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான 9 முக்கியக் காரணிகளுள் புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் சேர்த்தது.

என்ன செய்யலாம்? பாடவேளைகளுக்கு இடையே இரண்டு நிமிடம் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இது எதிர்ப்பரிவு நரம்புகளுக்குத் துணை செய்யும். எங்கள் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமியன்று மட்டும் சுற்றி வருவதைவிட, அன்றாடம் அதில் அரை மணி நேரம் நடப்பதே இதயத்துக்கு நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆசிரியர் அறையில் யாராவது நெஞ்சு வலி என்றால், "வாயுவாக இருக்கும் சார், சோடா குடியுங்கள்" என்ற குரல்தான் முதலில் எழும். நடு நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி குறைவாகவே தெரியலாம். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன.

விட்டுப்போன பாடத்தை நாளை நடத்திக்கொள்ளலாம்.