பல்தட ஒலிப்பதிவுக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்தல்

பட்டிமன்றம் ஒன்றைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். நடுவருக்கு ஒன்று, பேச்சாளர் அறுவருக்கு ஆறு, அவையோரின் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் ஒன்று என எட்டு ஒலிவாங்கிகள். எட்டையும் ஒரே தடத்தில் கலந்து பதிந்தாலும் கேட்டு மகிழ்வதற்கு அது போதும். ஆனால் இருவர் ஒருசேரப் பேசிய இடத்தில் யார் என்ன சொன்னார் என்று எழுத்தில் வடிக்க முற்படும் மாணவர் தடுமாறுவார். பேச்சுத்தமிழை ஆராய்வோருக்கோ அத்தகைய இடங்களே பொருள் பொதிந்தவை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் கதையில்தான் காணலாம். கலந்த குரல்களும் அப்படித்தான். ஆகவே, ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனித்தடம் கிடைக்குமா என்பதே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கையில் எழும் முதல் வினா.

பள்ளிகளுக்கு எளிதில் கிட்டுவது ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கட்டற்ற மென்பொருள், ஓரிரு குரல்களைப் பதிந்து திருத்துவதற்கு மிக ஏற்றது. பல தடங்களை அடுக்கவும் வல்லது. எனினும் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது வேறு, ஒரே நேரத்தில் எட்டையும் பதிவது வேறு. விண்டோஸ் கணினியில் பல்தடக் கருவிகள் பெரும்பாலும் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏசியோ என்னும் இணைப்புமுறை வாயிலாகவே தம் தடங்கள் அனைத்தையும் வழங்கும். உரிமச் சிக்கலால் ஆடாசிட்டியின் வெளியீடுகளில் அது நெடுங்காலம் இடம்பெறவில்லை. எட்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தியும் திரையில் இரண்டே தடங்கள் தோன்றுவது இதனாற்றான். ஆர்டோர், ரீப்பர் ஆகியவை ஏசியோவை ஏற்பவை. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்த்தபின் உரிமம் வாங்கலாம்.

பலர் எண்ணிப் பாராதது கோப்பின் அளவு. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்னும் தரத்தில், ஒரு தடம் நொடிக்கு 144,000 பைட் கொள்ளும். எட்டுத் தடங்கள் 1,152,000 பைட். வழக்கமான வேவ் கோப்போ ஏறத்தாழ 4 கிகாபைட்டுக்கு மேல் ஏற்காது. எட்டையும் ஒரே கோப்பில் இட்டால் 62 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். நடுவர் தீர்ப்புரைக்கும் வேளை பெரும்பாலும் அதற்குப் பின்தான்! தடத்துக்கொரு கோப்பாகப் பதியும் மென்பொருளில் எட்டு மணி நேரம் வரை இக்கவலை இல்லை.

கேட்பதற்கான மென்பொருளில் இத்துணைத் தொல்லையில்லை. விஎல்சி பல்தடக் கோப்பையும் இயக்கும். ஆயினும் வகுப்பறையில் இரண்டே ஒலிபெருக்கிகள் இருப்பின் தடங்கள் இரண்டாகக் கலந்தே ஒலிக்கும். எனவே பதிவு சரியாக அமைந்ததா என்பதை அவ்வாறு கேட்டு முடிவு செய்யலாகாது. பதிவு மென்பொருளிலேயே தடத்துக்குப் பேச்சாளர் பெயரிட்டு, ஒவ்வொன்றையும் தனித்து ஒலிக்கச் செய்து, அவை கூடுமுன் சோதித்துவிட வேண்டும்.